வழி தப்பி வந்த பெரியவர்

அப்பா,

என்னுடைய ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று இன்று காலையில் உங்களுடையதை எடுத்து மாட்டினேன். காதருகே உங்கள் மூட்டுவலித் தைலத்தின் வாசம். தைலம் தேய்த்த கையோடு அதைத் தொடாதீர்கள் என்று எத்தனை முறை சண்டை பிடித்திருப்பேன்! நீங்கள் போய் நான்கு மாதமாகிறது, பஞ்சில் வாசம் அப்படியே இருக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மோட்டார் பட்டறையை மூடிவிட்டுச் சும்மா இருந்த உங்களுக்கு அந்த ஆன்லைன் விளையாட்டைப் பழக்கியதே நான்தான். காட்டுப்பன்றிகளை அடித்தால் லெவல் ஏறும் என்று சொல்லிக்கொடுத்தேன். நான் அப்படித்தான் ஏறினேன். ஒரே காடு, ஒரே பன்றிக் கூட்டம், ஆயிரம் தடவை. நீங்கள் ஒரு நாள் அடித்துப் பார்த்துவிட்டு, "பாவம் கண்ணு" என்று விட்டுவிட்டீர்கள். ஆற்றில் தூண்டில் போட்டீர்கள். பிடித்த மீனைக் குழம்பு வைத்து, புதிதாக வந்து திருதிருவென்று முழிப்பவர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். முதலைச் சதுப்பை அவர்கள் தாண்டும்வரை கூடவே நடந்தீர்கள். குதிரை வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம், நடந்தால்தான் புது இடம் கண்ணில் படும், அதற்கும் புள்ளி உண்டு என்பீர்கள். நான் இரண்டு வாரத்தில் தொட்ட நாற்பதாம் லெவலுக்கு உங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

"நீ வேலைக்குப் போறாப்ல ஆடற கண்ணு. நான் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போறாப்ல ஆடறேன்," என்றீர்கள். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். விளையாட்டில் நான் சேர்ந்திருந்த குழுவுக்கு என்னைத் தலைவியாக்கலாமா என்று பேச்சு. சென்னை, பெங்களூரு ஆட்டக்காரர்கள் எல்லாம் மைக்கில் இருந்தார்கள். அங்கே பேசினால் அக்கம்பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும். நடுவில் உங்கள் குரல் வந்தது.

"ஏனுங்க சாமி, எல்லாரும் சௌக்கியமுங்களா? மீன்குழம்பு இருக்குதுங்க, ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துக்கோங்க."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. "யாரு இந்தப் பெருசு? உங்க ஊருப் பேச்சா இருக்கே, தெரிஞ்சவரா?" என்று ஒருவன் என்னைக் கேட்டான்.

"தெரியல. யாரோ வழி தப்பி வந்திருக்காரு," என்றேன்.

பக்கத்து அறையில்தானே இருந்தீர்கள் அப்பா. என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? கொஞ்சம் பொறுத்து, "ஆமாங்க, வழி தப்பி வந்துபோட்டனுங்க. மன்னிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு விலகிப் போனீர்கள். சாயங்காலம், "காபி குடிச்சியா கண்ணு?" என்று எப்போதும்போலக் கேட்டீர்கள். என்னை ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து விளையாட்டுக்குள் என்னைக் கண்டால் ஒதுங்கி நின்று, "வணக்கமுங்க தலைவி, நல்லாருக்கீங்களா?" என்பீர்கள். மறந்தும் அங்கே 'கண்ணு' என்று கூப்பிட்டதில்லை. நான் சொன்ன பொய்யை நீங்கள்தான் கட்டிக் காத்தீர்கள்.

பெரிய பூதத்தோடு நாங்கள் மோதப் போன அன்று விளையாட்டில் என் பைக்குள் பத்துக் கிண்ணம் குழம்பு வந்திருந்தது. கூடவே ஒரு சீட்டு: "சாப்பிட்டுப்போட்டுப் போங்க. வழிப்போக்கன்." யார் கொடுத்தது என்று குழுவில் கேட்டதற்குக் கடையில் வாங்கினேன் என்றேன். ஒன்பது பேர் குடித்தார்கள். என் பங்கை மட்டும் நான் தொடவில்லை. ஜெயித்தோம். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் தள்ளிப்போட்டேன். உங்கள் நெஞ்சுவலி அதுவரை பொறுக்கவில்லை.

இன்று அந்த ஹெட்போனையே மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குழு ஆற்றங்கரையில் நின்றது. நீங்கள் சதுப்பைத் தாண்டவைத்த பெண் ஒருத்தி வந்து, "அந்த மீன்குழம்புப் பெரியவரைக் காணோமே, யாருக்காவது தெரியுங்களா?" என்று கேட்டாள்.

"அவரு தவறிட்டாருங்க. நான் அவரு பொண்ணு," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவள், "அது நீங்கதானா!" என்றாள். "எம் பொண்ணும் இங்கதான் ஆடுது, அதை மிஞ்ச ஆளில்லீங்கன்னு எப்பப் பார்த்தாலும் சொல்லுவாரு. பேரு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாரு. வேண்டாமுங்க, புள்ளைக்குச் சங்கடமாப் போயிருமுன்னு சிரிப்பாரு."

பத்தாவது கிண்ணம் இன்னும் என் பையில் இருக்கிறது அப்பா. எனக்கு மேலே ஏற இனி லெவல் இல்லை. அதை எடுத்துக் குடிக்க மட்டும் கை வரவில்லை.