மகள் கரைத்த கொழுப்பு

மார்ச் 3

மகள் ஓடிவிட்டு வந்து செருப்பு அலமாரி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். அது கரைந்தால்தான் பாதியை வெட்டிப் கல்லீரல் புற்று பிடித்த எனக்கு வைப்பார்கள். "உனக்கு ஒன்னு குடுக்கணும்னா நான் பட்டினி கிடக்கணும், பாத்தியாப்பா" என்கிறாள். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு உயிரை விடுகிறவள். வேண்டாம் என்றேன். உரக்கச் சொல்லவில்லை.

மார்ச் 19

மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரை போட்டால் கறுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பெயின்ட் கடையில் நிறம் கலக்கியே தலை நரைத்தவன், கறுப்பைப் பார்த்து மிரளுவேனா?

மார்ச் 24

இன்னும் அதே. தார் மாதிரி ஒட்டுகிறது, நாற்றமும் வேறு. மாத்திரைதான். மாத்திரைதானே? டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 27

மகள் பரிசோதனையில் தேறிவிட்டாள். கொழுப்பு கரைந்துவிட்டதாம். கட்டிக்கொண்டு அழுதாள்.

மார்ச் 29

கடையில் டப்பா குலுக்கும் மெஷின் அருகே மயங்கி விழுந்தேன். முதலாளிதான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஏப்ரல் 2

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். கல்லீரல் கட்டி இரைப்பைக்குள் துளைத்து வந்து அங்கே ரத்தம் கசிகிறது. கறுப்பெல்லாம் ரத்தம். "நுரையீரலுக்கோ எலும்புக்கோதான் பெரும்பாலும் போகும். இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். எனக்கு ஒரு பரிசுச் சீட்டுகூட விழுந்ததில்லை. கல்லீரலைத் தாண்டிவிட்டதால் மாற்று ஆபரேஷன் கிடையாதாம்.

முன்பே சொல்லியிருந்தால்? "முடிவு மாறியிருக்காது" என்றார். நம்பணும். நம்பித்தான் ஆகணும்.

ஏப்ரல் 3

அவள் வயிற்றில் கத்தி படாது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் — எனக்குச் சாக இஷ்டமில்லை. கொஞ்சங்கூட இல்லை.

ஏப்ரல் 6

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெண்ணெய் பிஸ்கட் வாங்கிவரச் சொல்லி அவள் முன் வைத்தேன். தொடவில்லை.

ஏப்ரல் 9

விடிந்ததும் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே எதுக்கும்மா ஓடுற?"

"நிறுத்திட்டா நீ போயிடுவியோன்னு இருக்குப்பா."

பத்திரமாகப் போய்விட்டு வா என்றேன். அவள் தெருமுனை திரும்புவதைப் பார்க்க நாற்காலியை ஜன்னலுக்கு நகர்த்தினேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்து, அவள் திரும்பி வரும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.