கடைசி கிரீனுக்கு வராத தண்ணீர்

என் அருமை மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பதாகத்தான் போனில் சொல்கிறாய், ஆனால் சொல்வதற்கு முன் ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொள்கிறாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை, எதுவானாலும் மறைக்காமல் எழுது. இதைச் சொன்னால் அப்பா சிரிக்கிறார், "என் முட்டிவலியையே நீ நம்பலையே" என்கிறார். கடைக்குப் போகச் சொன்னால் வருகிற வலி சீட்டாடப் போகும்போது காணாமல் போகிறது, நான் எப்படி நம்புவது?

இந்தக் கோடையில் என்னைப் போட்டு ஆட்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் வெயில் காலம் வந்தால் புல் பராமரிக்கிற எங்களுக்குப் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற மாதிரிதான், விடிவதற்குள் தண்ணீர் காட்ட வேண்டும், புல்லை வழக்கத்தைவிடச் சற்று உயரமாக விட்டு வெட்ட வேண்டும், உச்சி வெயிலில் குழாயைப் பிடித்து லேசாகத் தெளித்துச் சூட்டைத் தணிக்க வேண்டும். எல்லாம் செய்தும் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைசி கிரீன், கொடிக்குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய அந்தப் புல்தரை, அது மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது. மிதித்தால் புல் நிமிராமல் கால்தடம் அப்படியே கிடந்தது, தாகத்தில் இருக்கிற புல் அப்படித்தான் கிடக்கும். மேனேஜரோ பூஞ்சை நோய் என்றார், மொத்தத்தையும் பெயர்த்துவிட்டுப் புதுப் புல் பதிக்க வேண்டியதுதான், அதற்கு ஆள்கூடத் தயார் என்றார். "நீங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்று என் ஆட்கள் எதிரிலேயே சொன்னார்.

என் சந்தேகம் தண்ணீர் திறந்துவிடுகிற பம்புக்காரர்மேல் விழுந்தது. வாயைத் திறக்காத மனிதர், என்னைக் கண்டால் வால்வு திருகும் சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். மேட்டுக்குப் பின்னால் வேறு வீடு கட்டுகிறார்கள், அங்கே தண்ணீர் லாரி வந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் காலி பிஸ்கட் டப்பா ஒன்றை அந்த கிரீனில் வைத்தேன், பக்கத்து கிரீனிலும் ஒன்று வைத்தேன். விடிந்து பார்த்தால் பக்கத்து டப்பாவில் விரல் முங்கத் தண்ணீர், இதில் ஈரப் பொட்டுகூட இல்லை. வயிற்றெரிச்சலில் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய், தண்ணீரை ஒருத்தர் விற்கிறார், யாரென்று எனக்குத் தெரியும் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த பம்புக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாமென்று மறுநாள் வெள்ளென எழுந்துபோய்ப் புதர் மறைவில் நின்றேன். அவர் வந்து மற்ற வால்வுகளையெல்லாம் திறந்தார், கடைசி கிரீனுக்குப் போகிற வால்வைத் தொடவே இல்லை. அந்தப் பக்கத்து வீட்டு வேலைக்குத் தண்ணீர் விற்கிறவன் அந்த வால்வைத் திறந்துதானே விடுவான், இவர் ஏன் மூடி வைக்கிறார்? போய் எதிரில் நின்று கேட்டேன். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், "மேனேஜர்தாங்க மூடச் சொன்னாரு. வெளிய மூச்சு விட்டா வேலை போயிரும்னாரு." புதுப் புல் பதிக்கத் தயாராக இருந்த ஆள் மேனேஜருடைய மச்சான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, தப்பித்துக்கொள்ள அடுத்தவர் தலையில் போடுகிறாரோ என்றுதான் தோன்றியது.

அன்று காலை கிளப் தலைவர் விளையாட வந்தபோது அந்தக் காய்ந்த புல்மேலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். கூட இருந்த மேனேஜர், "இந்தம்மாவுக்கு வெயில் தலைக்கேறிருச்சு சார்" என்று சிரித்தார். தலைவர் பம்புக்காரருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து சேர்வதற்குள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எல்லார் எதிரிலும் அவரைத் திருடனாக்கினவள் நான், எனக்காக அவர் ஏன் வேலையைத் தொலைக்க வேண்டும்? "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்று மேனேஜர் தேன் ஒழுகச் சொன்னார். பம்புக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாவியைத் தலைவர் கையில் கொடுத்து, "நீங்களே திறந்து பாருங்கய்யா, வால்வுல ஒரு கோளாறும் இல்ல. மூடச் சொன்னவரு இவருதான்" என்றார். தலைவர் திருகியதும் தெளிப்பான் இரண்டு முறை இருமிவிட்டுச் சுழன்று எங்கள் எல்லாரையும் நனைத்தது, ஒருவரும் நகரவில்லை.

மேனேஜரை இப்போது வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. கிரீனில் பாதி பிழைத்துவிடும், கீறிப் பார்த்தேன், வேர் வெள்ளையாக இருக்கிறது. பம்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "உங்களுக்காகவும் சொல்லல, புல்லுக்காகவும் சொல்லலீங்க. நீங்க அன்னிக்குப் பேசினது சமையல்கட்டுல இருந்த என் வீட்டுக்காரி காதுல விழுந்துருச்சு. வீட்டுக்கு வந்ததும், நெசந்தானான்னு கேட்டா" என்றார். மறுநாள் அதே சாப்பாட்டு அறையில், நான் சொன்னது தப்பு என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவர் மனைவி எனக்கு எப்போதும்போலச் சோறு போடுகிறாள், குறைத்துப் போடுவதில்லை, என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

நோய்நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி, மனம் நிறைந்து இரு கண்ணு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். உன் அறையில் புதிதாக வந்து தங்கியிருக்கிற பெண் தங்கமானவள் என்று எழுதியிருந்தாய், இருக்கட்டும், சந்தோஷம். ஆனாலும் மறக்காமல் அலமாரியைப் பூட்டு. அவள் பார்க்காதபோது பூட்டு.

என்றும் உன் நினைவோடு,
அம்மா