வாரனின் மரமீன்

வடக்கு மனிடோபா, ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

லைல் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஆடுகிறது, மற்றபடி நலம். பயப்பட ஒன்றுமில்லை.

செவ்வாயன்று, மீன்பிடிக்க நான் ஓட்டிப்போகும் படகில் வந்த வாரன் என்ற விடுதி விருந்தாளி முப்பது ராத்தல் டிரவுட் மீன் ஒன்றைப் பிடித்தார். இங்கே பெரிய மீனை உயிரோடு திருப்பி விட்டாக வேண்டும். அதுவோ இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டியிருந்த, முட்கள் மாட்டிய மரமீனைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. மனிதர் அதன்மேல் முழங்காலை ஊன்றி, தூண்டில் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தார். செவுளிலிருந்து ரத்தம் பீய்ச்சியடித்தது.

"இழுக்காதீங்க! குடலே வெளிய வந்துடும். விடுய்யா!"

"எங்கப்பா கையால செதுக்கினதுடா அது! உன் மீனு செத்தா எனக்கென்ன?"

அவரைத் தள்ளிவிட்டேன். செவுள் வழியாகக் கட்டிங் பிளேயரை நுழைத்து முட்களை மட்டும் வெட்டினேன். முனைகள் உள்ளே இருந்தாலும் மீன் பிழைக்கும், பிடுங்கினால் பிழைக்காது. வெட்டிய சத்தத்தைக் கேட்டு மரமீன்தான் உடைந்தது என்று நினைத்தவர், துடுப்பால் என் தாடையில் அடித்தார். பிளேயர் ஏரிக்குள் போனது. முட்கள் அறுந்த மரமீன் மட்டும் நரம்போடு வெளியே வந்து, கீறலில்லாமல் அவர் காலடியில் விழுந்தது.

படகோரம் குனிந்து, மீனின் வாலைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்தினேன். மரமீனை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, வாரனும் பக்கத்தில் மண்டியிட்டு அதன் வயிற்றைத் தாங்கினார்.

"பொழைக்குமாப்பா?"

என் வாய் நிறைய ரத்தம், ஏரியில் துப்பினேன். பத்து நிமிடம் கழித்து, இருவர் முகத்திலும் தண்ணீரை அடித்துவிட்டு அது போனது.

நம் வீட்டுக் கீழறையில் சிவப்புப் பிடி போட்ட பிளேயர் இருக்கும், அனுப்புங்கள். சூப் பொட்டலமும் வேண்டும். உங்கள் போன கடிதம் ஐந்தே வரி. நாய் யாரைப் பார்த்துக் குரைத்தது என்றாவது எழுதுங்கள். இங்கிருந்து தபால் கொண்டுபோகும் விமானி பையைக் கட்டுகிறான்.

லைல்