மீன் வாடையோடு பனிச்சறுக்கு

ரோலா, ஷார்ஜா
24 நவம்பர் 2006

அன்புள்ள சுகிர்தராணிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறேன். உன் முட்டுவலியும் சுபிஷாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? என்னோடு இங்கே வேலை செய்யும் உன் தம்பி இஸ்ரவேலின் சுகத்தை மட்டும் விசாரிக்காதே, கொழுத்துப்போய் இருக்கிறான்.

போன வெள்ளி எங்கள் மலையாளி மேனேஜர் துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனிமலைக்கு எங்களைச் சறுக்கக் கூட்டிப்போனார். கிறிஸ்துமஸ் லீவு எனக்கும் உன் தம்பிக்கும் நடுவில் ஒருவருக்குத்தான். அங்கே வைத்து அவரிடம் கேட்டுவிடலாம் என்றிருந்தேன்.

“அத்தான், அங்க சட்டை ஒண்ணும் தரமாட்டானுவ, உள்ளத போட்டுட்டு வாரும்” என்றான் உன் தம்பி. மீன் ஃப்ரீசருக்குள் டூட்டிக்குப் போடும் ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு போனேன். வாசலில் எல்லாருக்கும் ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் கொடுத்தார்கள். என் ஜாக்கெட் மைனஸ் இருபதையே தாங்கும் என்று சொல்லி, அவர்கள் ஜாக்கெட்டை வேண்டாமென்றேன். அந்த முட்டாள்தனம் மட்டும் என் சொந்தச் சரக்கு.

உள்ளே மேனேஜர் பக்கத்தில் போனதும் அவர் மூக்கைப் பொத்தினார்.

“சார், எங்க அத்தான் ஐஸ்ல வச்ச மீனாக்கும்!” என்றான் துரோகி.

கோபத்தில் திரும்பினேன், காலில் மாட்டிய சறுக்குக் கட்டைகள் திரும்பவில்லை. குப்புற விழுந்து அடிவாரம் வரை போனேன். அடி ஒன்றுமில்லை, பயப்படாதே. எழும்பி வருவதற்குள் அவன் லீவை வாங்கிவிட்டான்.

அவன் அங்கே வந்தால் கோழி அடிக்காதே. பழங்கஞ்சி போதும்.

சுபிஷாவுக்கு ஷூ வாங்க வேண்டும். அவள் காலைத் தாளில் வைத்து வரைந்து தபாலில் அனுப்பு, அவன் கையில் கொடுக்காதே. என் பர்ஸில் இருப்பது அவளுடைய ஒன்றாம் வகுப்புக் கால். இப்போது ஐந்து படிக்கிறாளே.

டூட்டி வண்டி ஹார்ன் அடிக்கிறது.

ஆன்றோ