ரீவி மூலையில் நின்ற வெயில்

மச்சான்,

நேற்று உன் மகன் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தான். கைபேசி நிறைய அவன் முகம், மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகம். நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். "மாமா, எங்க பாக்கிறியள்?" என்று கேட்டான். எங்கே பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்.

நீ சவூதியிலிருந்து கொண்டுவந்த ரீவியைத்தான். பெரிய படத்தின் மூலையில் இன்னொரு சின்னப் படம் ஓடும். துறைமுகத்தை அண்டிய எங்கள் ஒழுங்கையில் அப்படியொன்று உன்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமையில், அந்தப் புளுகத்தில், வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் மறந்துபோவாய். "படம் ரெண்டு, சத்தம் ஒண்டுக்குத்தான்ரா" என்று விளக்கம் வேறு.

இராணுவம் ஒழுங்கையைச் சுற்றிவளைத்த அந்த நாளில் புளுகமெல்லாம் எங்கே போனதோ. விடியற்காலையில் உன் மகனைக் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். உன் மனைவி நிலாவெளியில் தாய்வீட்டில் இருந்தா. நீ வாசல் கேற்றடியில் நின்றால் உன்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று நான்தான் உன்னை உள்ளே இழுத்து வந்து கேற்றைப் பூட்டினேன். நீ அடங்கவில்லை. வீடியோ கமராவை முன் யன்னலில் வைத்து வயரை ரீவியில் செருகினாய். சின்னப் படத்தில் கேற் தெரிந்தது. பெரிய படத்தில் கிரிக்கெட்டைச் சத்தமாய்ப் போடச் சொன்னதும் நீதான். ரோட்டால் போகிறவர்களுக்கு இது பயமில்லாத வீடு என்று கேட்கவேண்டுமாம்.

எனக்குக் கை சும்மா இராது. ரிமோட்டை எடுத்து அதை அமத்தி, இதை அமத்தி, சின்னப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பார்த்தேன். பெரிதாகவில்லை, விட்டுவிட்டேன். பூட்டிய கேற், மதில் நிழலில் படுத்திருந்த நாய், வேறொன்றுமில்லை. நீ கதிரை நுனியில் இருந்தபடி அதையே பார்த்தாய். "வருவான்தானே?" என்பாய். "ஓம் மச்சான், வருவான்" என்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்பாய்.

திடீரென்று எழும்பினாய். "டேய், வெளியில இருட்டுப்பட்டிட்டுது. இதுக்குள்ள ஏன்ரா இன்னும் வெயில் எறிக்குது?"

நான் அமத்தியதில் ஒன்று சின்னப் படத்தை அப்படியே நிறுத்திவைக்கும் பொத்தான். பின்னேரம் முழுக்க நாங்கள் ஓடாத படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓடினோம். அவன் கேற்றில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தான். உதடு வீங்கியிருந்தது. ரோட்டில் ரோந்துக்காரர் நின்றதால் உரத்துக் கூப்பிடப் பயம். மெல்லக் கூப்பிட்டது எங்கள் கிரிக்கெட் சத்தத்தில் அமுங்கிப்போனது. "எவ்வளவு நேரமாக் கூப்பிட்டனான் அப்பா?" என்றான். நான் வாய் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "நித்திரையாப் போனன் ராசா."

அதன்பிறகு அவன் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகும்வரைக்கும் அப்படித்தான். அப்போதும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை, உன் செத்தவீட்டில்கூடச் சொல்லவில்லை. வெட்கமாயிருக்கிறது மச்சான். யாராவது வரவேண்டிய நாளில் இன்றைக்கும் எனக்கு வீட்டுக்குள் இருக்க ஏலாது. வாசலில் போய் நின்றுவிடுவேன்.

நேற்று அவனாகவே அந்தக் கதையை எடுத்தான். "அண்டைக்கு அப்பாவுக்கு எப்பிடி நித்திரை வந்தது எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்ல மாமா."

சொல்லிவிட்டேன். ரிமோட், பொத்தான், வெயில், எல்லாம். அவன் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுபோனதோ, அவன்தான் அப்படியே இருக்கிறானோ, தெரியவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"அப்ப, அப்பா முழிச்சுக்கொண்டோ இருந்தவர்?"

"ஓம் தம்பி. கேற்றையேதான் பாத்துக்கொண்டிருந்தவர்."

அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். திரை இருண்டது, மூலையில் என் முகம் மட்டும். அவன் அழுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. இந்த முறை நான் எதையும் அமத்தவில்லை.