அதிர்ஷ்டக் கண்

காலையில் வெங்காயம் நறுக்கும்போது விரல் அறுபட்டது. பிளாஸ்திரியைப் பிரித்து ஒட்டினேன். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனைக்கு எனக்கு உன் முகம்தான் வரும். செத்தும் விடமாட்டாய் போலிருக்கிறதே, மகராசி.

தாம்பரம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாம் இரண்டு பேரும் கால் கடுக்க நின்ற வருஷங்கள் நினைவிருக்கிறதா? பம்மலிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போவோம், வருவோம். உன் மாறுகண்ணைக் கேலி செய்தவர்களைவிடக் கும்பிட்டவர்கள்தான் அதிகம். மாறுகண் என்றால் அதிர்ஷ்டம் என்று நம் பக்கத்தில் யார் சொல்லவில்லை? கடை திறந்ததும் முதல் போணி உன் கையால் ஆக வேண்டும் என்பார் முதலாளி. தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் உன்னைத்தான் எதிரே நடந்து வரச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் பட்டறைக்கு லோடு ஆட்டோ வாங்கியபோதும் நீதான் வந்தாய். "இன்னாக்கா, இனிமே நடக்கறதுக்கு டிக்கெட் போடலாம்னு கீறேன்," என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய்.

என் மகள் யாழினிக்கு நாலு வயது முடிந்தபோது அவளுடைய ஒரு கண் மூக்குப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். "இவ பொறந்தப்புறம்தான் பட்டறையே நிமிர்ந்துச்சு. இப்பப் பாரு, கண்ணுலயே எழுதிக் கீது!" எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. டிவி பார்க்கும்போது அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் காட்டி, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "வூட்டுக்கு வந்த லட்சுமிய வெரட்டி வுடப் போறியா?" என்று கத்தினார்.

மறுநாள் ஆட்டோவில் உன்னிடம் சொல்லிப் புலம்பினேன். நீ உன் மாறுகண்ணைத் தொட்டுக் காட்டினாய்.

"அக்கா, இந்தக் கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு நல்ல கண்ணுல தூசு வுழுந்துச்சு. கசக்கினு நிக்கறேன், எதிர வர்ற பஸ்ஸு வெறும் நெழலாட்டம் கீது. அப்பதான் எனக்கே தெரியும். டாக்டராண்ட போனா, சின்னதுலயே இட்டாந்திருக்கணும், இப்ப வந்து இன்னா பிரயோஜனம்ன்றாரு. எங்கம்மாவ இன்னான்னு திட்றது? அதுவும் அதிர்ஷ்டம்னுதான் வுட்டுடுச்சு."

அத்தனை வருஷம் உன்னோடு தோள் இடித்துக்கொண்டு போய் வந்தவள் நான். எனக்கே அது தெரியாது.

அன்று சாயங்காலமே நீ பட்டறை வாசலில் போய் நின்றாய். வேலைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, உன் வண்டிக்கு எதிர நடந்து வந்தேனே, நல்ல கண்ண மூடிக்கினா அது வண்டியா எருமையான்னு எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் போணி பண்ணி இந்தக் கண்ணு இன்னா கண்டுச்சு? உன் பொண்ணுக்கும் இதான் வோணுமா? வாயத் தொறந்து சொல்லு." என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, அவரே எங்களைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

கண்ணில் பழுது இல்லை, அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகவில்லை என்றார் டாக்டர். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்டி மூடி, மற்றதை வேலை வாங்க வேண்டும் என்றார். வயது ஏற ஏறக் கஷ்டமாகும், நாளைக் கடத்தாதீர்கள் என்றும் சொன்னார். சொல்வது சுலபம். நல்ல கண்ணை மூடியதும் பிள்ளை வீறிட்டாள். பிய்த்துப் பிய்த்து எறிந்தாள், இமை முடியெல்லாம் அதோடு வந்தது. நாலாம் நாள் நானே போதும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நீ வந்தாய். பிளாஸ்திரி பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவி உன் நல்ல கண்ணில் ஒட்டிக்கொண்டாய். "இப்ப நீயும் நானும் ஒரே கட்சி, பாப்பா. சித்திக்குக் கண்ணு தெரியல. இது இன்னா கலரு, சொல்லேன்?" அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. கிரேயானைக் கண்ணருகே வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலர் சொன்னாள். முறுக்கை எடுத்து உன் வாயில் வைத்தாள். நீ டீயை மடியில் கொட்டிக்கொண்டால் கைதட்டிச் சிரித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து நீ சுவரைத் தடவியபடி போனபோது எனக்கு மனசு தாங்கவில்லை. கையைப் பிடித்தேன். "சும்மா இருக்கா," என்று பல்லைக் கடித்தாய். "நெஜமாவே தெரியலன்னு தெரிஞ்சா, பாவம் பாத்து பாப்பாவே இதக் கழட்டி வுட்டுடும்."

வேலை விட்டு வந்ததும் என் வீட்டில்தான் இருட்டில் உட்கார்ந்தாய், மாதக்கணக்கில். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில், நல்ல கண் மூடியிருக்க, யாழினி எதிரே வந்த பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டினாள். "குன்... றத்... தூர்." நீ நடுரோட்டில் அவளைத் தூக்கிச் சுற்றினாய். கண்டக்டர் திட்டினார், உனக்குக் காதில் விழவில்லை.

போன மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தியம் இருந்தால் சரியாகிவிடும் என்று என்னிடமே மறைத்தாய். முப்பத்தாறு வயதெல்லாம் சாகிற வயதா? அதில் எனக்கு உன்மேல் கோபம்தான், தீரவில்லை. இப்போது உன் சண்டைகளையும் நான்தான் போடுகிறேன். மாறுகண் பிள்ளையை யாராவது அதிர்ஷ்டம் என்று கொஞ்சினால் ஷேர் ஆட்டோவாக இருந்தாலும் விடுவதில்லை. "உன் வேலையப் பாத்துகினு போம்மா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

உன்னை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தபோது யாழினி என் பக்கத்தில் நின்றாள். பன்னிரண்டு வயது. யாரோ உன் அதிர்ஷ்டக் கண்ணைச் சொல்லி அழுதார்கள். இனி எதற்கு மறைப்பது என்று, நான் அவள் காதோடு சொன்னேன்: "சித்தி அன்னிக்கு விளையாடல. நிஜமாவே அவளுக்கு ஒண்ணும் தெரியல."

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. பெட்டிக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். மூக்குக் கண்ணாடிக்குள் விரலை விட்டுத் தன் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, நீ மீட்டுக் கொடுத்த கண்ணால் மட்டும் உன்னை வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுது சித்தி," என்றாள். "உன் மூக்குத்திக் கல்லு வரைக்கும் தெரியுது."