சரஸ்வதி அம்மாவா பேசுறது?

என் அன்பு மதினி,

சண்டை போட ஆளில்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் மழை விட்டபாடில்லை. பாலத்துக்குக் கீழே மகாவலி கலங்கலாக ஓடுகிறது. நீங்கள் உட்காரும் கதிரையில் இப்போது பக்கத்து வீட்டுப் பூனை படுக்கிறது. இரண்டு தரம் விரட்டிப் பார்த்தேன், அசையவில்லை. கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் போன பிறகு, அவர் மனைவியும் தங்கையுமாக நாம் இரண்டு பேர்தானே இந்த வீட்டில் முட்டிக்கொண்டு கிடந்தோம்? நீங்களும் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். காலையில் தேத்தண்ணீரோடு வந்து கூப்பிட்டவள் நான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் நீங்கள் செய்த காரியம் நினைவிருக்கிறதா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டை மேசையில் விரித்து, போனில் படம் பிடித்து, கண்டி டவுன் பாமசிக்கு அனுப்பினீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"படத்தப் பாத்து மருந்து குடுக்கிறவன் என்ன கண்றாவியக் குடுப்பானோ! காசையும் குடுத்து உயிரையும் குடுக்கணுமா?"

"அப்ப நீ போய் வரிசையில நில்லு கமலா. நான் வீட்ல இருந்தே சாகிறேன்."

மறுநாள் பார்சல் வந்தது. பழைய மருந்து அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் திகதியையும் என்னை உரக்க வாசிக்க வைத்தீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து உங்கள் சீனி வருத்தத்துக்கும் என் பிரஷருக்கும் ஒரே பார்சல், உங்கள் பெயரில். குளிசையைச் சாஸரில் போட்டு நீட்டிவிட்டு, நான் விழுங்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பீர்கள். எனக்கு அப்படிப் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் போன அடுத்த மாதம் உங்கள் போன் அடித்தது. பாமசியில் வேலை செய்யும் ரிஸானா.

"சரஸ்வதி அம்மாவா பேசுறது? ரெண்டு பேருக்கும் வழக்கம்போல அனுப்பவா?"

"ம்" என்றேன். வாய் தவறி வந்ததில்லை, மதினி. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் இன்னும் ஒருத்தி இருந்தாள். அவளிடம் எப்படி இல்லை என்பேன்? குரலும் வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் கத்தியிருக்கிறோமே.

அதன் பிறகு மாதாமாதம் இரண்டு பேருக்குமான மருந்து வந்தது. பிரிக்காமலே உங்கள் அலுமாரியில் அடுக்கினேன். என்னுடையதையும் சேர்த்துத்தான். யாருக்காக விழுங்க? போன வாரம் பஸ் தரிப்பிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பொம்பளை என்னைத் தாங்கி, த்ரீவீலில் ஏற்றி விட்டாள். அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நேற்று ரிஸானா மறுபடியும் எடுத்தாள்.

"அம்மா, உங்கட துண்டு பழசாகிட்டு. இனி அதுக்கு மருந்து தர ஏலா. டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டி, புதுசா எழுதி வாங்கி அனுப்புங்க."

இல்லாத உங்களுக்கு எந்த டாக்டரிடம் போய் வாங்குவேன்?

"சரஸ்வதி அம்மா செத்துப்போயிட்டாங்க பிள்ள. நான் நாத்தனார் கமலா. இவ்வளவு நாளும் நான்தான் பேசினேன்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"அம்மா எப்பவும் முதல்ல, 'சாப்பிட்டியா பிள்ள?'ன்னு கேட்டுட்டுத்தான் மருந்தைப் பத்திப் பேசுவாங்க. கொஞ்ச நாளா கேக்கவே இல்ல. என்மேல ஏதோ கோவம்னு நினைச்சிட்டிருந்தேன்."

அது எனக்குத் தெரியாதே, மதினி! பக்கத்து அறையில்தானே இருந்தேன். ஒருநாளாவது காதைக் கொடுத்தேனா?

பிறகு அவளே கேட்டாள்: "நீங்க குளிசை போடுறீங்களா? பக்கத்துல நின்னு முறைச்சாத்தான் நீங்க முழுங்குவீங்கன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

உங்கள் மருந்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறாளாம். இனி பார்சல் என் பெயரில் வரும். சரஸ்வதி அம்மாவா என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பிள்ளை எடுத்தால், சாப்பிட்டாயா என்று முதலில் நான் கேட்பேன். இது சத்தியம். சாஸரை உங்கள் கதிரைக்கு முன்னால் வைத்திருக்கிறேன். முறைக்காதீர்கள், இதோ விழுங்கிவிட்டேன்.

உங்களோடு முட்டிக்கொண்டே வாழ்ந்த,
உங்கள் நாத்தனார் கமலா